கிறிஸ்டின் சொன்ன நாலாவது பத்து

இதை நான் கதையாக எழுதவில்லை. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்கிறவன் நான். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராமில், எங்கள் வீட்டு வரவேற்பறையில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைச் சொல்கிறேன். நம்பாவிட்டால் உங்களுக்கு நல்லது. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

என் தங்கை கிறிஸ்டின் போலந்தில் மருத்துவம் படிக்கிறாள். படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா என்று சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், பையைத் தூக்கிவிடுவாள். பிராக், வியன்னா, புடாபெஸ்ட்... கூடவே, இங்கே எங்கள் பக்கத்து லாயாங் லாயாங் ஊரைச் சேர்ந்த தோழி பிரவீனா. இங்கே அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். பஸ் கவிழ்ந்தால்? பனியில் வழுக்கி விழுந்தால்? பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டுமே என்பதுதான் அவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் கவலை. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்.

"எங்க வேணாலும் போ. ஜெப நேரத்துக்கு லைன்ல வந்து மூஞ்சிய காட்டிடு."

எங்கள் வீட்டில் ஜெபமாலை இரவு பத்து மணிக்கு. அப்பா சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் சிக்கி வந்து சேர அவ்வளவு நேரமாகிவிடும். ஜெபமாலையில் ஐந்து பத்து. ஒவ்வொரு பத்திலும் ஒருவர் பத்து முறை 'மரியே வாழ்க' சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் பத்து அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு, ஐந்தாவது எல்லோருக்கும் சேர்த்து. நாலாவது கிறிஸ்டினுடையது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சரி.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மலை அடிவாரத்தில் ஏதோ ஒரு சிற்றூருக்குப் போயிருந்தார்கள். பழைய மரவீட்டில் ஓர் அறை. அம்மா வழக்கம்போல் போனை மாதா சுரூபத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மணி 10:04. அங்கே பிற்பகல் மூன்று.

"ஹீட்டர் ஸ்பாய்ல் மா. குளிர் சாவடிக்குது" என்றாள் கிறிஸ்டின். தடித்த கறுப்பு ஜாக்கெட். பேசும்போது வாயிலிருந்து புகை புகையாக வந்தது. பிரவீனா சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாள் என்றாள்.

ஜெபம் தொடங்கியது. அவள் சொல்லும் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அன்று ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை கேட்டது. முதலில் அவள் குரல். அப்புறம், மெல்ல, இன்னொரு தடவை. லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது படம் அப்படியே நின்றது. திரை கறுத்தது.

சில நொடிகள்தான். மறுபடியும் வந்துவிட்டாள்.

இப்போது ஜாக்கெட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். முகம் திரைக்கு மிக அருகில் இருந்தது.

நாலாவது பத்து. கிறிஸ்டின் ஜெபம் சொன்னால் ரயில் ஓடும். அப்பா திட்டாத நாளே இல்லை. அன்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு வேண்டுதல் சொல்வோம்; கிறிஸ்டின் வழக்கமாகத் தன் பரீட்சைக்காகத்தான் வேண்டிக்கொள்வாள். அன்று சொன்னது வேறு.

"வீட்டுக்குத் திரும்ப முடியாதவங்களுக்காக..."

எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தேன்.

வாயிலிருந்து புகை வரவில்லை.

எட்டு... ஒன்பது... பத்து. என் விரலில் ஜெபமாலை மணி பத்தும் முடிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. அதே குரல். அதே வேகம்.

"பிதாவுக்கும் சுதனுக்கும்..." என்று அம்மாதான் குறுக்கிட்டு முடித்துவைத்தார்.

ஐந்தாவதும் முடிந்தது. மணி 10:31. அம்மா எழுந்து போய், தினமும் செய்வதுபோல், திரையில் அவள் நெற்றி மேல் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார்.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பத்திரமா வீட்டுக்கு வந்து சேரு மா" என்றார் அம்மா.

"கூப்பிடுங்க."

"என்ன மா?"

"கூப்பிடுங்க... வர்றேன்."

பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வா தங்கம். எப்ப வேணாலும் வா. இது உன் வீடு."

டப்.

திரை அணைந்தது. நாங்கள் யாரும் தொடவில்லை.

10:48. போன் அடித்தது. பிரவீனாவின் எண். பேசியது கிறிஸ்டின். பின்னால் காப்பிக்கடைச் சத்தம்.

"சாரி மா! அண்ணன் மூணாவது பத்து சொல்லும்போதே போன் செத்துடுச்சு. ரூம்ல கரண்டும் இல்ல. அதான் வெளியே ஓடி வந்துட்டேன். என் பத்த யாரு சொன்னா?"

நான் போனை வாங்கி, முதல் அழைப்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்தேன். பதினாலு நிமிடம். 10:18-க்கே முடிந்திருந்தது. அதற்கும் 10:48-க்கும் நடுவே வேறு அழைப்பே இல்லை.

"அந்த ரூமுக்குத் திரும்பிப் போகாதே, இப்பவே பஸ் ஏறு" என்று கத்தினேன். பிரவீனா போய்ப் பைகளை எடுத்துவந்தாள். அன்றிரவே கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்து முகம் காட்டும்வரை அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. மறுநாள் ஞாயிறு. கோயிலில் அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். பிள்ளை தப்பித்தாள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுச் சந்திரமதி ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"தங்கச்சி லீவுக்கு வந்திருக்காளா பிராண்டன்?"

"இல்லியே ஆன்ட்டி. ஏன்?"

"முந்தாநாள் பார்த்தேனே! அஞ்சு மணிக்கு ஃபேக்டரி விட்டு வர்றேன், உங்க கேட்டு முன்னால நிக்கிறா. இந்த வெயில்ல தடியா ஒரு கறுப்பு ஜாக்கெட். முகத்தக் கூட சரியா காட்டல. 'அம்மா கூப்பிட்டாங்க'ன்னு மட்டும் சொன்னா."

இங்கே மாலை ஐந்து என்றால் போலந்தில் காலை பத்து. முந்தாநாள் அந்த நேரத்தில் கிறிஸ்டின் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? வீட்டுல யாரும் இல்ல, கேட்டு பூட்டியிருந்துச்சு. பாவம், எவ்வளவு நேரம் நின்னாளோ. உங்கம்மா ஸ்பேர் சாவி எங்கிட்டதானே குடுத்து வச்சிருக்காங்க. நான்தான் திறந்து உள்ள விட்டேன் லா."