ஆள்காட்டிக் குஞ்சுகளுக்காக இடம் மாறியவர்

திருத்தணி மலையடிவாரத்தில் வண்டிகள் அவிழ்க்கும் மைதானம் ஒன்று உண்டு. அதன் கிழக்கு ஓரத்துப் புங்கமரத்தடியில்தான் ஹயாத் பாஷா மாடுகளுக்கு லாடம் அடித்துவந்தார். எத்தனை முரட்டுக் காளையானாலும் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, தோளால் ஓர் அழுத்து அழுத்திச் சாய்த்துவிடுவார். மாட்டை ஒருநாளும் திட்டியதில்லை. மாட்டுக்காரனைத் திட்டுவார்.

அவர் பிறந்தது ஆர்.கே.பேட்டையில். ரம்ஜான் பீயைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு திருத்தணிக்கு வந்தார். பிறந்த பிள்ளைகளில் தங்கியவன் வாஹித் ஒருவன்தான். வாஹிதுக்கு லாட வேலை பிடிக்கவில்லை. 1938இல் ஒருநாள், "மாட்டுக் காலைப் புடிச்சிகினு என்னால காலம் தள்ள முடியாது பாவா" என்று அந்தப் புங்கமரத்தடியிலேயே தகப்பனிடம் சொன்னான். ஹயாத் பாஷா வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுக்காமலே, போ என்று கையைக் காட்டினார். பையன் ரங்கூனுக்குப் போய் ஒரு குடைக் கடையில் சேர்ந்தான். ரோஷக்காரன். ஆனாலும் தாய்க்குக் கடுதாசி போடத் தவறவில்லை.

1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. கடுதாசி நின்றது. பர்மாவிலிருந்து ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அரக்கோணத்தில் அப்படி வந்து இறங்கிய இருவரை ஹயாத் பாஷா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்களுக்கு வாஹிதைத் தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் சென்னைப் பட்டணத்துக்காரர்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சுகளோடு திருத்தணிக்கு வந்தார்கள். ஹயாத் பாஷா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அதை ஒரு பட்டணத்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். புருஷனும் பெண்சாதியும் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. வாஹிதுக்குப் புது வீடு தெரியாது. தெரிந்தது புங்கமரம் ஒன்றுதான்.

"ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டாங்களா பாய்?" என்றான் கண்ணையன். மைதானத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறவன், அவருக்குச் சிநேகிதன்.

"கேக்கணும்னா அவன் நிக்கணும் கண்ணையா. பழைய வூட்ல வேற ஆளுங்க கீறாங்க. மரத்தடியிலயும் நான் இல்லன்னா, அடுத்த ரயில்ல ஏறிடுவான். அவனுக்கு என் புத்தி."

ஆகவே காய்ச்சலிலும் மரத்தடிக்கு வந்தார். வேலை இல்லாத நாளிலும் ஸ்டேஷன் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனி மாதக் கடைசியில், மரத்துக்கு எதிரே சரளைக் கற்களுக்கு நடுவில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு குஞ்சு பொரித்தது. ஆள்காட்டி கூடு கட்டாது. தரையில் ஒரு சிறு பள்ளம் போதும் அதற்கு. குஞ்சும் மற்றக் குருவிக் குஞ்சுபோல வாய் பிளந்து கிடக்காது. ஈரம் உலர்ந்ததும் எழுந்து நடந்துவிடும். இரையையும் தானே பொறுக்க வேண்டும். மாட்டுச் சாணத்துப் புழுவும் தண்ணீர்த் தொட்டியோரத்துப் பூச்சியும் அங்கே நிறையக் கிடைத்ததால் தாய் அவற்றை வேறெங்கும் கூட்டிப் போகவில்லை. வெயில் ஏறினால் தொட்டி வழியும் இடத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, சூடு தணிய, குஞ்சுகள்மேல் உட்காரும். அந்த நனைந்த வயிற்றை முதலில் பார்த்த அன்று ஹயாத் பாஷா கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிப் போயிற்று. அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. கையில் ஒரு கழியோடு குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். நாயை விரட்டினார், காக்கையை விரட்டினார். தாய்ப்பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. குஞ்சுகள் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பயமில்லாமல் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னா பாய், காலைலேர்ந்து அது உன்னத்தான் திட்டிகினு கீது" என்று சிரித்தான் கண்ணையன்.

"போடா, பருந்தத் திட்டுது."

"பருந்து எங்க கீது? நீதான் கழியத் தூக்கிகினு குந்திகினு கீற."

மறுநாளும் அப்படியே காவல் இருந்தார். சாயங்காலம் ஒரு குஞ்சு எழுந்திருக்கவே இல்லை. கையில் எடுத்தால் பஞ்சுபோல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். இரைப்பையில் ஒன்றும் இல்லை.

தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர் தூரத்திலேயே நின்றார். தாய் சத்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த இரண்டும் குச்சிக் கால்களால் ஓடி ஓடிப் பூச்சி கொத்தின. அவர் நான்கு எட்டு வைத்தார். தாய் வீறிட்டது. இரண்டும் அப்படியே மண்ணில் படுத்தன. பின்னால் நகர்ந்தார். சிறிது நேரத்தில் எழுந்து மறுபடி தின்றன. ஆள் பக்கத்தில் இருக்கும்வரை தாய் கத்தும், தாய் கத்தும்வரை குஞ்சு எழாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. குஞ்சுகளைப் பட்டினி போட்டவர் அவரே.

அதோடு போகவில்லை. ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. சித்தூர்ப் பக்கத்து வண்டிகளும் பள்ளிப்பட்டு வண்டிகளும் காவடிக் கூட்டத்தோடு வந்து மைதானத்தை அடைத்துவிடும். வண்டிக்காரர்கள் லாடக்காரர் இருக்கும் இடத்தைத் தேடி, புங்கமரத்தைச் சுற்றித்தான் அவிழ்ப்பார்கள். ஊருக்குத் திரும்புமுன் மாட்டுக்கு லாடம் பார்க்காத வண்டிக்காரன் இல்லை. சக்கரம் வந்தாலும் குஞ்சு ஓடாது, படுத்துத்தான் கிடக்கும். பறக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

அன்று ராத்திரிச் சோற்றின்போது, "நான் குளத்துக்கு மேற்கால புளியமரத்தடிக்குப் போய்டறேன்" என்றார். "நான் எங்க போறனோ வண்டிங்க அங்க வந்துடும்."

ரம்ஜான் பீ பரிமாறுவதை நிறுத்தினாள். "நல்லா கீது. புள்ள வந்து மரத்தடியப் பாத்துட்டுத் திரும்பிப் போவட்டும். நாலு குருவிக்காக..."

"நாலு இல்ல. ரெண்டுதான் கீது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.

விடிந்ததும் சுத்தியையும் ஆணிப் பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு குளத்துக்கு மேற்கே போனார். அங்கிருந்து ஸ்டேஷன் பாதை தெரியாது. குளக்கரை மறைக்கும். முதல் நாள் முழுதும் மாட்டுக் காலைப் பிடித்த கை வேலை செய்ததே தவிர, கழுத்து கிழக்கேயே திரும்பிக்கொண்டிருந்தது. "என் மாட்டப் பாரு பாய்" என்று அதட்டிய ஒரு வண்டிக்காரனை அவர் பதிலுக்குத் திட்டக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் ரம்ஜான் பீ துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். மகனை ரயிலேற்றிய நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதில்லை. பாசஞ்சரில் இறங்கிய கடைசி ஆள் வெளியே வரும்வரை கம்பி வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். போவதாக அவரிடம் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. அதன்பிறகு தினமும் போனாள்.

கிருத்திகைக்கு வண்டிகள் வந்தன. அவர் நினைத்ததுபோலவே குளத்துக்கு மேற்கேதான் அவிழ்த்தார்கள். பழக்கத்தில் புங்கமரத்தை நோக்கி ஓட்டிய ஒருவனைக் கண்ணையன் நடுவழியில் மறித்தான்.

"யோவ், அங்க இன்னா கீது? லாடக்காரு இங்க குந்திகினு கீறாரு. திருப்புய்யா!"

"அங்க நெழலு கீதேய்யா?"

"அந்த நெழலுக்கு ஆள் வந்தாச்சி. நீ திருப்பு."

மூன்று நாள் அரோகராச் சத்தம் மலையை மூடியது. கூட்டம் கலைந்த மறுநாள் ஹயாத் பாஷா குளக்கரைமேல் ஏறிப் பார்த்தார். தாய், தகப்பன், இரண்டு குஞ்சுகள். கழுத்தில் வெள்ளைப் பட்டை தெளிவாக விழுந்திருந்தது. பஞ்சு போய்ச் சிறகு முளைத்திருந்தது. அதன்பிறகும் அவர் புளியமரத்தடியிலேயே இருந்தார். வேலை முடிந்ததும் கரைமேல் ஏறி உட்காருவார். ஒரு பக்கம் குஞ்சுகள், மறுபக்கம் ஸ்டேஷன் பாதை. அதற்குமேல் கிட்டே போகமாட்டார்.

ஆவணி பிறந்து சில நாள் கழித்து ஒரு குஞ்சு பறந்துவிட்டது. அதை அவர் பார்க்கவில்லை. மற்றது மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் தொட்டியோரம் நின்று சிறகை விரித்து விரித்து மடக்கியது. ஓடியது, எழும்பியது, விழுந்தது. அப்போது ஸ்டேஷன் பாதையில் ரம்ஜான் பீ வந்துகொண்டிருந்தாள். ஹயாத் பாஷா முதலில் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். தனியாகத்தான் வந்தாள்.

அவள் கரையேறி வந்து பக்கத்தில் நின்றபோது குஞ்சு மறுபடி ஓடியது. இந்தத் தடவை விழவில்லை. மரத்தின் உயரம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ரயில் பாதைக்கு அப்பால் வயல்வெளிப் பக்கமாகப் போயிற்று. பெரிய பறவைகள் இரண்டும் கத்திக்கொண்டே அதன் பின்னால் போயின. மைதானம் சத்தமில்லாமல் கிடந்தது.

இதற்காகத்தான் இத்தனை நாள் தள்ளி இருந்தார். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வந்தது வேறு.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போவக்கூடாதாடா" என்றார்.

"யாரச் சொல்றீங்க?" என்றாள் ரம்ஜான் பீ.

அவர் கண் ரயில் பாதையிலேயே இருந்தது. வயல் பக்கம் இருட்டும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.