ஷூவுக்குள் இரண்டு மெத்தை

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அது போனதற்குக் காரணம் நான்தான். "செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டா பாதித் தப்பு போயிரும்" என்று முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியவள் நான். என் தப்பை மட்டும் ஒரு வருஷமாகப் பரணில் ஒளித்து வைத்திருந்தேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகிறது. பாதம் மரத்துப்போய்விட்டது. காலில் கிடக்கும் செருப்பு நழுவி விழுந்தால்கூடத் தெரியாமல் தெருமுனை வரை போய்விடுவார். அதனால் பாளையங்கோட்டையில் பார்க்கிற டாக்டர் ஷூதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதிலும் உள்ளே கிடக்கும் மெத்தை, அதுதான் இன்சோல், தனியாகக் கழன்று வர வேண்டுமாம். அதை எடுத்துவிட்டு, அவர் காலை அச்செடுத்துச் செய்த மெத்தையை அந்த இடத்தில் வைக்க வேண்டுமாம்.

ஷூ வாங்கப் போனது நான்தான். தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். எடுத்துக் காட்டிய ஷூவுக்குள் எல்லாம் விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பசை போட்டு ஒட்டியவை.

"யம்மா, பைய, மெதுவா இழுங்க. வாங்குததுக்கு முன்னாலயே பிச்சிராதீங்க" என்றார் ஒரு கடைக்காரர்.

"வராத மெத்தைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய அண்ணாச்சி?" என்றேன்.

கடைசியில் ஒரு கறுப்பு ஜோடி கிடைத்தது. முன்பக்கம் நல்ல அகலம். கயிறு கட்டுகிற வேலை இல்லை, பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். மெத்தை பலாச்சுளை மாதிரி உருவிக்கொண்டு வந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி இந்த ஊரில் யார் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மறுவாரம் அச்சு மெத்தை வந்தது. கொடுத்தவர், "கடை மெத்தைய எடுத்துட்டு இதப் போடுங்கம்மா" என்றுதான் சொன்னார். இந்தக் காதால் கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கழற்றிய மெத்தை புத்தம் புதுசாக, பஞ்சு மாதிரி இருக்கிறது. கறிவேப்பிலைக் கட்டில் வரும் ரப்பர் பேண்டைக்கூட எறியாமல் கதவுக் கொண்டியில் மாட்டி வைப்பவள் நான். இதையா எறிவேன்? வீணாய்ப் போகிறதே, ஒன்றுக்கு இரண்டாய் இருக்கட்டும் என்று அதை அடியிலேயே விட்டு, அச்சு மெத்தையை மேலே வைத்தேன்.

"போடச் செரமமா இருக்குளா" என்றார் முதல் நாள். மறுநாளும் சொன்னார்.

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். நொய்நொய்ங்காதிய. வலிக்கா?"

"வலியெல்லாம் இல்ல."

"பொறவென்ன?"

மரத்துப்போன காலிடம் போய் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன் பாருங்கள். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அந்த வாரக் கடைசியில் காலுறையைத் துவைக்க எடுத்தபோது அதில் இரத்தம். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து, சதை கறுத்துக் கிடந்தது. ஷூவுக்குள் கையை விட்டேன். இரண்டு மெத்தையும் காலை மேலே தூக்கியதில் விரலுக்கு இடமே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் கடை மெத்தை இரண்டையும் உருவி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். அதற்கப்புறம்தான் ஆட்டோ கூப்பிட்டேன்.

டாக்டர் ஷூவை வாங்கிப் பார்த்தார். ஒரே மெத்தை, சரியாக இருந்தது. "வெறுங்காலோட எங்கயாவது நடந்தீங்களா?" என்று கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிரதோசத்துக்குக் கோயிலச் சுத்துனேன் டாக்டர்."

டாக்டர் பிடித்து ஏசினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "நான் சொன்னா கேக்கவே மாட்டாவ டாக்டர்" என்றேன். இந்த நாக்கை வெட்டிப் போட்டாலும் தகும்.

புண் ஆறவில்லை. விரலை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ஷூவை நான் கவனிக்கிற கவனிப்பு இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கவனித்ததில்லை. சாயங்காலம் மெத்தையை உருவி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய வைப்பேன். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். காலையில் கையை உள்ளே விட்டு, கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபிறகுதான் போட விடுவேன். வாசற்படிக்கு இந்தப் பக்கம் செருப்பு வந்தால் சாமியாடுகிறவள், வீட்டுக்குள் போட அவருக்குத் தனிச் செருப்பும் வாங்கினேன். அவரோ வருகிறவர்களிடமெல்லாம், "இவள மாதிரி யாரு பாத்துக்கிடுவா?" என்பார். ஒவ்வொரு தரமும் நான் காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

கோயிலுக்குப் போவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். பிரதோஷத்துக்கு மணி அடித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரி திருநீறு கொண்டுவந்தால், "அங்கன வச்சிட்டுப் போங்க" என்பார், எடுத்துப் பூச மாட்டார். காலுக்குப் பயந்து கோயிலை விட்டவர் திருநீற்றை ஏன் விட வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். இவர் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பரணத் தூத்தேன்ளா. ஒரு சோடி மெத்த கெடந்துது, புத்தம் புதுசு. வீணாப் போவுதேன்னு அடியில போட்டுட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்."

கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். "கழத்துங்க! மொதல்ல கழத்துங்க!" என்று கத்தினேன். பட்டையைப் பிய்த்து, காலுறையை உருவி, மிச்சமிருந்த ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் லேசான சிவப்பு, அவ்வளவுதான்.

"என்னளா ஆச்சு ஒனக்கு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பரணில் ஒளித்ததை, டாக்டரிடம் நான் சொன்னதை, எதையும் விடவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் ஷூவுக்குள்ளிருந்து அந்தக் கடை மெத்தையை உருவித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னச் சுத்த வந்தவன் வெரல எடுத்துட்டியேன்னு, நான் ஒரு வருசமா சாமிகிட்டல்லா பேசாம இருந்தேன்" என்றார்.