நாற்பத்தாறு வயதில் ஒரு விசில்

அம்பயர் வேலைக்கும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு என்று கேட்டபோதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சடுகுடுவுக்கு அம்பயரே எதற்கு என்று கேட்கிற ஊர்க்காரன் நான். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். எங்கள் பக்கம் ஆட்டம் என்றால் இரண்டு ஊர், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். பாடிப் போகிறவனுக்கு மூச்சு அறுந்தால் அவனே தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே போய்விடுவான். தொடப்பட்டவனும் அப்படித்தான், யாரும் கேட்கக்கூட வேண்டாம், கையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். மூச்சை விட்டுவிட்டு மறைத்தான் என்று பேர் வாங்கினவனை அடுத்த ஆட்டத்துக்கு எவனும் கூப்பிடமாட்டான். இதில் விசில் ஊதி ‘நீ அவுட்டு’ என்று சொல்ல ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு பரீட்சை, பரீட்சை பாஸானால் ஒரு சர்டிபிகேட்! காலம் கெட்டுப்போச்சு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிச் சொன்னவனே போய்ப் பேர் கொடுத்தேன். காரணம் என் முட்டி.

நான் பாடிப் போகிறவன் அல்ல, பிடிக்கிறவன். செஞ்சியில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் எனக்கு மெஷின் ஓட்டும் வேலை. நிலக்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். வேலை முடிந்து தலையெல்லாம் தூசியோடு வந்து அப்படியே களத்தில் இறங்குவேன். வருகிறவனின் கணுக்காலை மட்டும்தான் பார்ப்பேன். அவன் வாய் என்ன பாடுகிறது, சுற்றி எவன் எதற்குக் கத்துகிறான், எதுவும் எனக்கு வேண்டாம். கணுக்கால் திரும்பினால் பாய்வேன். அவலூர்பேட்டையிலிருந்து பனமலை வரைக்கும் என் பிடி என்றால் பயப்படுவார்கள். நாற்பது தாண்டினதும் முட்டி போயிற்று. அதற்கப்புறம் காணும் பொங்கல் ஆட்டத்தில் எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஆடுகிறவர்கள் கழற்றிப் போடும் சட்டையையும் வாட்ச்சையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எனக்கு வயிறு எரியும். என் எதிரில் கற்றுக்கொண்டவனெல்லாம் ‘பாத்துக்கண்ணா’ என்று வாட்ச்சைக் கழற்றிக் கையில் திணித்துவிட்டுப் போவான்.

வருகிற பொங்கலிலிருந்து செஞ்சிப் போட்டியில் சர்டிபிகேட் வாங்கின அம்பயர்தான் நிற்க வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் நிற்க எனக்கு வேறு வழியே கிடையாது. அந்த விசில் கிடைத்தால் நான் ஆட்டக்காரன், கிடைக்காவிட்டால் சாகிற வரைக்கும் சட்டைக்காரன். அவ்வளவு தெளிவாக எனக்கு அது தெரிந்திருந்தது.

என் பெண்டாட்டி, என் அத்தை மகள்தான், விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்த வயசுல பள்ளிக்கூடமா மாமா?” என்றாள். சிரித்தாலும், அம்பயர் வெள்ளை பேண்ட் போட வேண்டும் என்றதும் பஜாரில் தைக்கக் கொடுத்தது அவள்தான். வேட்டியைத் தவிர வேறு எதுவும் அறியாத கால்கள். அந்தப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினபோது, எதிரே வந்தவர்கள் எல்லாம் யாரோ ஆபீசர் என்று வழிவிட்டார்கள்.

முகாம், செஞ்சியில் மலை அடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில். சொல்லிக்கொடுக்க வந்தவர் கடலூர்க்காரர், என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும். வெளியே பார்த்தால் மரியாதையாக அண்ணா என்பார். உள்ளே வந்தால் ஆளே வேறு. அம்பயர் சிரிக்கக் கூடாது. ஆடுகிறவனோடு பேசக் கூடாது. விழுந்தவனுக்குக் கை கொடுக்கக் கூடாது. பாடுகிறவன் ‘கபடி’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும், அவனவன் ஊர்ப் பாட்டெல்லாம் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு அதிர்ச்சி. கடைசியாகச் சொன்னதில்தான் பகீரென்றது. ஆடுகிறவன் தானாகக் கை தூக்கினால் அதற்கு மதிப்பே கிடையாதாம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “இன்னா சார் இது அநியாயம்? அவன் மூச்சு அவனுக்குத் தெரியாதா?”

“தெரியும்ணா. ஆனா அது உங்களுக்குத் தெரியணும். அவன் சொல்றது கணக்கில்ல, நீங்க ஊதறதுதான் கணக்கு. அம்பயருக்குக் கண்ணு பாதி, காது பாதி.”

சரி, இவர் படித்ததை இவர் ஒப்பிக்கிறார் என்று உட்கார்ந்துகொண்டேன்.

பயிற்சிக்கு ஆட வந்தவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள். சட்டம் என்ன சொன்னாலும் அவர்கள் பழக்கம் போகுமா? மூச்சு அறுந்ததும் தொடையில் தட்டினார்கள், தட்டினதும் நான் ஊதினேன். “அண்ணாவப் பாருங்க, டைமிங்குன்னா இது” என்று வாத்தியார் எல்லோருக்கும் என்னைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது. இந்தக் காலத்துப் பசங்கள் வாயைத் திறந்து பாடுவதே இல்லை. எல்லாம் முணுமுணுப்பு. “சோறு துன்னலையாடா? சத்தமாப் பாடுங்கடா!” என்று கத்துவேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அம்பயர் பேசக் கூடாது என்பதால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை அன்றைக்கு வாத்தியார் எங்கள் பக்கத்து ஆட்களை ஆட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். வெளியூரிலிருந்து ஒரு காலேஜ் டீமும் ஒரு போலீஸ் டீமும் வேனில் வந்து இறங்கின. அவர்களை வைத்துத்தான் பரீட்சை. என் முறை வந்தது. பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விசிலை வாயில் கவ்விக்கொண்டு கோட்டோரம் நின்றேன். வருஷக்கணக்கில் இழந்திருந்த இடம்.

காலேஜ்காரன் ஒருவன் பாடிப் போனான். நல்ல கால். போலீஸ்காரர் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவனிடமிருந்து வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வந்து சேர்ந்தான். தொடையில் தட்டவில்லை, கை தூக்கவில்லை. இரண்டு பாயிண்ட் என்று நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

மைதானமே கொந்தளித்துவிட்டது. போலீஸ் டீம் மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. “இன்னாய்யா நீ? பாதியிலயே பாட்டு வுட்டுட்டான்! அங்கருந்து இங்க வரைக்கும் சும்மாதான் ஓடியாந்தான்!”

நான் அந்தக் காலேஜ்காரனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மூச்சை விட்டுவிட்டுச் சிரிக்கிற ஒரு ஆட்டக்காரனை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடப்பாவி! இனி எவனையும் நம்பக் கூடாது, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அடுத்து ஒரு போலீஸ்காரர் போனார். பெரிய மீசை, உதட்டையே மூடியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. பாடாமலேயே கோட்டைத் தாண்டி உள்ளே போகிறார்! விட்டேனா? காது கிழிய ஒரு விசில் ஊதி, வெளியே போ என்று கையைக் காட்டினேன்.

அவர் நடு ஆட்டத்தில் அப்படியே நின்றார். ஒருவரும் சத்தம் போடவில்லை. எதிர் டீம்காரர்கள்கூட என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

“யோவ்,” என்றார் அவர், கிட்டே வந்து. “நான் கத்தினது மலை மேல இருக்குற ஆடு மாட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். உனக்குக் கேக்கல?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது.

வாத்தியார் ஆட்டத்தை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என் தோளில் கை போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். “சுவரப் பாத்து நில்லுங்கண்ணா,” என்றார். “நான் பின்னால நின்னு பாடறேன். எப்ப வுடறனோ, அப்ப கையத் தூக்குங்க.”

இதில் என்ன கஷ்டம்? சுண்ணாம்பு உரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு எறும்பு வரிசை சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இவர் எதற்கு இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று எனக்குப் பொறுமை போயிற்று.

“ஆரம்பிங்க சார்,” என்றேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் பாடி முடித்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

அவர் கிட்டே வந்து, முகத்துக்கு நேராக நின்று பேசினார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மில் என்றேன். எத்தனை வருஷமாக என்றார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றேன். மெஷின் சத்தந்தான் என்று அவர் தலையை ஆட்டினார். “அம்பயர் சர்டிபிகேட்டு என்னால தர முடியாதுண்ணா. கோட்டுல நிக்கிற லைன்மேன்னா தரேன். அதுக்குக் கண்ணு போதும்.”

“உன் பிச்சை எனக்கு வேணாம்!” என்று கத்திவிட்டேன். அந்தக் கத்தல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சிங்கவரம் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு பஸ் என் கையை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. ஹாரன் அடிக்காமல் வருகிற டிரைவர்களை எத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்! டெப்போ வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அடித்துக்கொண்டுதான் வந்தார்களா? சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது பெண்டாட்டி விதைக்கு மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாஸா என்று கண்ணாலேயே கேட்டாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீசைக்காரரைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன். அவளுக்கு அழுகை வரும், பதறிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொத்தைக் கொட்டையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஊருக்கே தெரியும் மாமா.”

“ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “சொல்லலையா? கிட்ட வந்து சொன்னா செவுடன்றியான்னு அடிக்க வந்துடுவ. தள்ளி நின்னு சொன்னா உனக்குக் கேக்காது. நான் இன்னாதான் பண்றது?”

விசில் போனது, பொங்கல் ஆட்டம் போனது, அதெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. “அப்ப வேற இன்னாலாம் சொன்ன, எனக்குக் கேக்காம?”

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாந்தான். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து சோறு துன்னும்போது, சட்ட மாட்டும்போது, சைக்கிள் தொடைக்கும்போது. உனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சதுலருந்து உன் முதுகப் பாத்துதான் பேசிகினு இருக்கேன். கோவம், ஆச, மனசுல இருந்தது எல்லாம். கேக்காதுன்ற தைரியந்தான்.”

இத்தனை வருஷம்! ஒரே வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், எனக்கென்று பேசின பேச்சு அத்தனையும் காற்றில் போயிருக்கிறது. பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக, முட்டி முட்டியோடு இடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன்.

“இப்ப சொல்லு,” என்றேன். “ஒண்ணு வுடாம சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.”

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூஞ்சியப் பாத்துகினு அதெல்லாம் எப்பிடி மாமா சொல்றது?” என்றாள்.