தேங்காய்ப் பருப்புக் களத்தில் சிவப்புப் புள்ளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது சொல்லப்போகிற நாளில் பாதி நேரம் நான் கோபமாகத்தான் இருந்தேன். மீதி நேரம் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிதானம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகமே இல்லை.

என் ஆராய்ச்சி காற்றைப் பற்றியது. உச்சி வெயிலில் தார் ரோட்டைப் பார்த்தால் தூரத்தில் வருகிற பஸ் நெளிகிறதல்லவா, அந்த நெளிவுதான் என் பிழைப்பு. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழலும்போது, அதற்குள் போகிற ஒளி அங்கங்கே வளைந்து, சிதறி, மினுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. எந்தச் சுழி எந்த நொடியில் எங்கே கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆள் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியுமா? ஆனால் சாயங்காலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி, தனித்தனிச் சுழிகளை அவற்றின் பாட்டுக்கு விட்டுவிட்டு, ஒளி தன் சராசரியிலிருந்து எவ்வளவு துள்ளுகிறது என்று மொத்தமாகக் கணக்குப் பார்ப்பேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதன்மேல் எனக்குப் பைத்தியம். காற்றில் கொந்தளிப்பு கூடக்கூட மினுக்கமும் கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் காற்று என்னதான் கொந்தளித்தாலும் மினுக்கம் கூடாது. ஏற்கெனவே சுக்குநூறாகச் சிதறிப்போன ஒளியை இன்னும் எப்படிச் சிதறடிப்பது? வரைபடத்தில் விறுவிறுவென்று ஏறுகிற கோடு அங்கே வளைந்து படுத்துவிடும். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்த சங்கதிதான். ஆனால் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், அந்த வளைவு எந்த இடத்தில் வரும் என்று நான் ஒரு சூத்திரம் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் காட்டினால் போதாது, திறந்தவெளியில் ஒரே இடத்தில் ஒரே நாளில் ஏற்றத்தையும் வளைவையும் காட்டு, இல்லாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடு என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அந்த ஓர் அத்தியாயத்துக்காகத்தான் மற்ற அத்தியாயங்களையே நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தேன்.

அப்போதுதான் கல்யாணமாகிக் கணபதி என்கிற பகுதிக்குக் குடிவந்திருந்தேன். கீழே என் கணவருடைய லேத் பட்டறை, மேலே எங்கள் வீடு. முதலில் மொட்டை மாடியில் லேசரை வைத்து, நாலு தெரு தள்ளி அவருடைய சிநேகிதர் வீட்டு மாடியில் ஒளியை வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் காற்று சாதுவாக இருந்தது, மினுக்கம் போதவில்லை. போதாததற்கு இடையில் இருந்த ஒரு வீட்டு அம்மா ஒருநாள் மாடியேறி வந்து, தன்னுடைய தண்ணீர்த் தொட்டியில் சிவப்பாக ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதனால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாதே என்று மிகவும் மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். அவருடைய சித்தப்பாவுக்கு வெள்ளகோவில் பக்கத்தில் தேங்காய்ப் பருப்பு, அதாவது கொப்பரை, காயவைக்கிற களங்கள் உண்டு. கால் கிலோமீட்டருக்கும் அதிகமாக, ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சிமெண்டுத் தரை. மத்தியானம் அதன்மேல் அப்பளம் பொரிக்கலாம். முழங்கால் உயரத்தில் அந்தத் தரைக்கு மேலே லேசரை விட்டால், கொந்தளிப்பு வேண்டிய மட்டும் கிடைக்கும். காய்ந்த பருப்பு சனிக்கிழமை மூட்டையாகிப் போய்விடும், புதுப் பருப்பு திங்கட்கிழமை வந்து இறங்கும். நடுவில் ஞாயிறு ஒரு நாள்தான் களம் காலி. ஒளியை வாங்கும் கருவியும் இரவல். அதைத் திங்களன்று திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆக எனக்கு இருந்தது அந்த ஒரே ஞாயிறு.

சூரியன் உதித்துக் கொஞ்ச நேரம் காற்று அசையாமல் நிற்கும். அந்த அமைதியிலிருந்து தொடங்கினால்தான் ஏற்றம் முழுசாகக் கிடைக்கும். ஆகவே இருட்டோடு கிளம்பினோம். ஆனால் காங்கேயத்தில் அவருடைய பெரியம்மா வீடு இருக்கிறது. புதுசாகக் கல்யாணமானவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போனால் அது ஜென்மத்துக்கும் பேச்சாகிவிடும் என்றார். காபி மட்டும் என்று இறங்கினோம். காபி முடிவதற்குள் உள்ளே இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிய ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாக வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டேன். என் அமைதியான காலைநேரம் அந்த ஜன்னலுக்கு வெளியே போயே போய்விட்டது. காரில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினேன்.

களத்தில் போய் இறங்கினால் அதற்கு மேல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தரை முழுக்கத் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. ஓரத்தில் அகலமாக ஒரு கோலம். சின்ன மாமனார் மோட்டாரை நிறுத்திவிட்டு, கையில் குழாயோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“வாங்க அம்மணி. புழுதி பறந்தா உங்க லைட்டுக்கு ஆகாதுன்னு தம்பி போன்ல சொல்லுச்சுங்க. அதான் களத்தையெல்லாம் ஜில்லுன்னு கழுவி உட்டுப்போட்டோமுங்க.”

எனக்கு வேண்டியது கொதிக்கிற தரை. அதை வீட்டு விருந்தாளிக்கு வாசல் தெளிக்கிற மாதிரி தெளித்துக் குளிரவைத்திருக்கிறார்கள். என் கணவர் போனில் என்ன சொன்னாரோ, இவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, மொத்தத்தில் எல்லோரும் எனக்கு நல்லது செய்திருந்தார்கள். புது மருமகள் என்ன சொல்ல முடியும்? ரொம்ப நல்லதுங்க மாமா என்றேன். பிறகு டிராக்டர் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். என் அத்தியாயம் ஈரத்தில் நனைந்து கிடப்பது போலவே இருந்தது.

என் கணவர் தேடிக்கொண்டு வந்தார். வந்தது வந்தாகிவிட்டது, சும்மா உட்காருவதற்குக் கருவியையாவது மாட்டலாமே என்றார். பட்டறையில் அவரே எனக்காகக் கடைந்த ஸ்டாண்டுகளை இறக்கினார். களத்துக்குள் யாரும் செருப்போடு ஏறக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த ஈரத்தில் நடந்து கருவிகளை வைத்தோம். லேசர் ஒரு கோடியில், அதன் பக்கத்தில் அவர். ஒளியை வாங்கும் கருவியும் லேப்டாப்பும் மறுகோடியில், ஒரு குடையின் கீழே நான். தரைக்கு மேலே சூடு எப்படி ஆடுகிறது என்று தனியாக அளக்க, மயிரிழை போன்ற கம்பிகளை நடுவில் கட்டினேன்.

சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. நன்றாக வெயில் ஏறிய பிறகும் அது ஆணி அடித்த மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தது. முறைத்துக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் தவறவிட்ட காலை இதுதான். காங்கேயத்தில் சந்தகை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டது என்று நினைத்தேனே, அந்த அமைதியைச் சின்ன மாமனார் தண்ணீர் ஊற்றி எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். உடனே பதிவை ஓடவிட்டேன். அவசரத்தில் பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டேன்.

ஈரம் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. காயக்காயப் புள்ளி சிலிர்த்தது, அப்புறம் துடித்தது, அப்புறம் கிழிந்து பல துண்டுகளாகித் தாண்டவமாடியது. திரையில் கோடு நல்ல பிள்ளையாக ஏறிக்கொண்டே போனது. சின்ன மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனையோடு வந்து, சாப்பிட்டுவிட்டு வேலை பார்க்கலாமே என்று கூப்பிட்டார். இதோ வாரேனுங்க அத்தை என்று சொல்லிக்கொண்டே அசையாமல் இருந்தேன். ஏறினால் மட்டும் போதாதே, அது நிற்க வேண்டும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று என் சூத்திரம் சொல்லியதோ, அந்த இடத்தில் திரையின்மேல் என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவைத்திருந்தேன்.

உச்சி வெயில் வந்தது. நடுவில் கட்டிய கம்பிகள், கொந்தளிப்பு இன்னும் கூடுகிறது, இன்னும் கூடுகிறது என்றன. ஆனால் கோட்டின் ஏற்றம் தளர்ந்தது. பொட்டை நெருங்கியது, தொட்டது, வளைந்தது. அதற்கப்புறம் ஏறவே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பொட்டின் மேலேயே சாய்ந்து படுத்துக்கொண்டது.

செல்போன் மடியில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? எழுந்து அவரைப் பார்த்து ஓடினேன். சுற்றிப் போகவில்லை, களத்தின் நடுவே நேராக, என் லேசர் போகிற அதே வழியில். காலையில் கழற்றிய செருப்பு ஓரத்தில் கிடந்தது. சிமெண்டு அடுப்புக்கல்லாகக் காய்ந்திருந்தது. நாலடி ஓடியதும் ஓட்டம் குதியாட்டமாகிவிட்டது. ஐயோ, வந்துருச்சு, ஐயோ, வந்துருச்சு என்று கத்திக்கொண்டே ஒளியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித்தாவிப் போனேன்.

பாம்புதான் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து களத்தில் செருப்போடு கால் வைத்தறியாத மனிதர், செருப்போடு பாய்ந்து வந்தார். நடுக்களத்தில், லேசரின் பாதையிலேயே, இருவரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றோம். நிற்க முடியவில்லை, உள்ளங்கால் தீய்கிறது. யோசிக்காமல் அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வளைஞ்சுருச்சுங்க, பொட்டு மேலயே வளைஞ்சுருச்சுங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு வளைவும் தெரியாது, சூத்திரமும் தெரியாது. ஆனாலும் என்னோடு சேர்ந்து சிரித்தார். பட்டப்பகலில், சொந்தபந்தத்துக்கு முன்னால் அப்படி நிற்கிறோம் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை தெரியாது.

சின்ன மாமனார் தென்னை மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். களத்தில் செருப்பைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மரத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

“ஏனுங்க, அந்தச் சந்தோசத்த நெழலுக்கு வந்து கொண்டாடுங்க. காலு வெந்துபோயிருமுங்க.”

சின்ன மாமியார் உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட, குதிகாலில் நடந்து போய் மறுபடியும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். சாயங்காலம் வெயில் தணிகிற வரைக்கும் கோடு அந்தப் பொட்டை விட்டு மேலே போகவே இல்லை. கோழிக் குழம்பை அப்புறம்தான் சாப்பிட்டேன், மூன்று பேர் சாப்பாட்டை.

அத்தியாயம் பிழைத்துக்கொண்டது. ஒளி மறைந்த பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது முறை, சேர்க்கவில்லை. ஆனால் மூலப் பதிவின் படத்திலிருந்து அதை வெட்டியெறிய எனக்கு மனசு வரவில்லை.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சரியாக அங்கேதான் விரலை வைத்தார். வளைவுக்கு அப்புறம் சீப்புப் பல் மாதிரி வெட்டுவெட்டாக இருக்கிறதே, பறவைக் கூட்டமா என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். பின்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்த என் கணவர் தரையைப் பார்த்தார். இல்லை சார், வளைவைப் பார்த்ததும் நான் குறுக்கே ஓடியது என்றேன். தேர்வாளர் சிரித்துவிட்டார். விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“சரி, அதற்கப்புறம் ஒளி ஒரேயடியாக இல்லாமல் போய், நெடுநேரம் அப்படியே இருக்கிறதே. இங்கே என்ன நடந்தது?”

“தரை ரொம்பச் சூடுங்க சார்” என்றேன்.