ஆணி அடிக்கக் கூடாத மாதங்கள்

எதிர் வரிசையில் ஒரு வீட்டின் தகரக் கூரை பறந்த மாலையில் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டின் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மழை இன்னும் தொடங்கவில்லை. காற்று மட்டும்தான். நீளமாக எதையோ கிழிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அந்தக் கூரையின் தகடு ஒன்று எங்கள் கேட்டின் மேல் மடிந்து கிடந்தது. அதன் ஒரு முனை உள்ளே நீண்டு என் மூன்று வயது மகளின் சைக்கிளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் அழவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அடுப்பை அணைத்தேன்.

எங்கள் வீட்டு முன்புறத்திலும் கார் நிற்க அதே மாதிரி தகரக் கூரைதான். முன்பு இருந்தவர்கள் போட்டது. சுங்கை பூலோவிலிருந்து கூரை வேலை செய்யும் அண்ணன் ஒருவரை வரவழைத்தேன். ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தங்கச்சி, இது எல்லாம் துருப்பிடிச்ச ஆணி. இன்னொரு காத்து வந்தா இது மட்டும் போகாது. வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்."

"எப்போ செய்யலாம்ண்ணே?"

அவர் அப்போதுதான் என் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"அப்போ பிள்ளை பொறந்ததும் கூப்பிடுங்க. மாசமா இருக்கிற வீட்டுல நான் ஆணி அடிக்க மாட்டேன்லா."

"அது வரைக்கும் காத்து சும்மா இருக்குமாண்ணே?"

"காத்துக்கு நான் வாட்ஸ்அப் போட்டுச் சொல்லிடறேன்" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு செய்யலாம். நீங்க வீட்டுல இல்லாத நேரமா பார்த்து முடிச்சிடலாம். ஸ்க்ரூதான், ஆணி இல்ல. நீங்க சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்."

ரவாங்கில் இருக்கும் அத்தையிடம், என் கணவரின் அம்மாவிடம், போனில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

"ஆணியாவது, ஸ்க்ரூவாவது. ஓட்டை ஓட்டைதானே? பிள்ளை உடம்புல வந்து நிக்கும். ரெண்டு உயிர்க்காரி நீ. கயிறு போட்டுக் கட்டி வைக்கச் சொல்லு."

நான் பட்டப்படிப்பு படித்தவள். கூரையில் போடும் துளைக்கும் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். சரி அத்தை என்று சொல்லி வைத்தேன். கணவர், "அம்மாகிட்ட சொல்லாம செஞ்சிடலாம்லா" என்றார். அதற்கும் சரி என்றேன்.

வேலை நடந்த சனிக்கிழமை கணவர் அந்த அண்ணனுக்குத் துணையாக வீட்டில் இருந்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். வளையல் கடை, துணிக்கடை, பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் நெடுநேரம். மகள் தூக்கம் வந்து அழ ஆரம்பித்தாள். நான்கு மணிக்குள் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கே கிளம்பிவிட்டேன். கணவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

கேட்டைத் திறந்தபோது டிரில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"ஏம்மா இப்போ வந்தீங்க? இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான் பாக்கி. கொஞ்சம் கடைப்பக்கம் போய்ட்டு வாங்க."

மகள் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். வானம் மேற்கே கறுத்திருந்தது.

"போடுங்கண்ணே."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். உள்ளே போயிருக்கலாம், காதையாவது பொத்தியிருக்கலாம். இரண்டு திருகாணிகளும் இறங்கும் வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகன் பிறந்தான். கை, கால், எடை எல்லாம் சரியாக இருந்தது. வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை.

நிறைய பிள்ளைகளுக்கு இருக்கும், சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து இணையத்தில் படித்தேன். அவர் சொன்னதேதான் எல்லா இடத்திலும் இருந்தது. மறுநாளும் படித்தேன்.

அத்தை குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டார். துவாலையால் அந்த இடத்தை மெதுவாக ஒற்றினார்.

"வீட்டுல ஏதாச்சும் அடிச்சீங்களா?"

"இல்ல அத்தை."

போன மாதம் மீண்டும் அப்படி ஒரு காற்று வந்தது. கணவர் வேலையில் இருந்தார். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதை முன்பே காலி செய்து டார்ச் விளக்கு, தண்ணீர், பால் மாவு, பிள்ளைகளின் காலணி எல்லாம் வைத்திருந்தேன். பூந்தொட்டிகளையும் சைக்கிளையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். கூரை அதிர்ந்தது. எங்கோ தகரம் கிழிந்தது, எங்களுடையதா என்று தெரியவில்லை. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் கட்டைவிரல் மகனின் காதோரத் துளையின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக் கூரை சாலையில் கிடந்தது. எங்களுடையது அப்படியே இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்லது என்று நினைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை போன் செய்தார். "கூரை இருக்கா?"

"இருக்கு அத்தை."

"பழைய வீட்டுக்காரன் அப்பவே நல்லா அடிச்சு வச்சிருக்கான், பார்த்தியா."

"அவங்க அடிச்சது இல்ல அத்தை. நாங்க ஸ்க்ரூ போட்டோம், நான் அஞ்சு மாசமா இருக்கும்போது. கடைசி ரெண்டு போடும்போது நான் அங்கேயே நின்னேன்."

அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுவது மட்டும் கேட்டது.

"பிள்ளைங்க ரெண்டு பேரும் எங்க?"

"இங்கதான். என் பக்கத்துல."

"சரி. அவனுக்குப் பால் கொடு. மணி ஆகுது."

போனை வைத்துவிட்டுப் பால் கலக்கினேன்.