இரும்பு வாளி

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் கண்ணாடித் தட்டுகளைக் கழுவும் வேலையில் இருந்தபோது அவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். ஒல்லியானவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். உயிருள்ள செல்லுக்குள் துத்தநாகம் இருந்தால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றைத் தயாரித்திருந்தார். விளக்கைப் போடுவதற்கு முன்னால் தட்டைப் பார்த்து, “வந்துரு” என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் செல்லே இல்லாத வெறும் தட்டும் ஒளிர்ந்தது. பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டார்.

“பாருங்கப்பா, வெறுங் கண்ணாடிக்கே மாப்ள உயிர் குடுத்துட்டாரு! இம்புட்டு நாளா இதத்தான் கிழிச்சியா? நாளையிலருந்து வராத.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் அவர், நான் தட்டுகளை ஊறப்போடும் புது இரும்பு வாளியைத் தடவிப் பார்த்தார்.

“அண்ணே, இதுல பூசியிருக்கிறதே துத்தநாகந்தான். அது தண்ணியில எறங்கி தட்டுல ஒட்டிருக்கு. நான் சொன்னா சாக்குன்னுவாரு. நீங்க சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

பிளாஸ்டிக் தொட்டி உடைந்ததும் யாரையும் கேட்காமல் அந்த வாளியை வைத்தவன் நான். வேலை போய்விடும் என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழ்த்துவிட்டு, “வாரேண்ணே” என்றார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பிறகு நான் வீட்டுக்கு எடுத்துவந்த அந்த வாளியில்தான் இன்னும் தண்ணீர் பிடிக்கிறோம்.