விளக்கு வைத்த பிறகு விற்காத பால்

கேள்வி வந்தபோது வீட்டில் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரவுக் காவல் என்பதால் மாலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

கேள்வி வந்தது என் செல்போனில். விவசாயம் செய்யும் ஒரு கேம் அது. காலியான ஒரு நிலத்தைக் கொடுப்பார்கள். கல்லைப் பொறுக்கி, கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, விளைந்ததை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டால் காசு வரும். செய்யச் செய்யத் திறமை கூடும். ஒரு கட்டம் வந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இனி நீ எதில் கெட்டிக்காரியாகப் போகிறாய், மாட்டிலா பயிரிலா என்று கேட்கும். மாடு என்றால் பாலுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை கூடுதல். பயிர் என்றால் காய்கறிக்குப் பத்தில் ஒரு பங்கு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

விளையாடிக்கொண்டிருந்தது நானில்லை, அம்மா.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். மழை பெய்த ஒரு காலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இப்போது அசைக்காவிட்டால் விரல்கள் இப்படியே நின்றுபோகும் என்றும் சொன்னார். அம்மா பந்தை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். வலி அப்படி. கம்பெனியில் பொங்கல் வரைக்கும் பார்ப்போம் என்றார்கள். கத்தரி பிடிக்காத விரலுக்கு அங்கே வேலை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் நான் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், "அந்த மூலையில கீற செடிக்குத் தண்ணி ஊத்தல பாரு" என்றாள். நீயே ஊத்து என்று போனைக் கையில் கொடுத்தேன். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் விழும். முதலில் வலது விரல் சொன்னபடி கேட்கவில்லை. சோளக்கொல்லைப் பொம்மைக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். வலிக்கிறது என்று சொன்னாள். ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை.

அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த விளையாட்டில் நாற்றுகளின் மேல் நடந்து போனால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் நான் அப்படித்தான் குறுக்கே நடந்திருக்கிறேன். அம்மா ஒரு தடவை கூட மிதிக்கவில்லை. ஒவ்வொரு பாத்தியையும் சுற்றிக்கொண்டு வரப்பிலேயே நடந்தாள். "குறுக்கால போம்மா, ஒண்ணும் ஆவாது" என்றேன். "உனக்கு ஆவாது" என்றாள். அவள் திரையைப் பார்த்து விளையாடவில்லை, அந்த நிலத்துக்குள்ளே போயிருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 

அப்படி விளையாடிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்தக் கேள்வி வந்து நின்றது.

"இன்னா எழுதிக்கீது?" என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"மாடா, செடியான்னு கேக்குதும்மா. ப்ளஸ் ஒன்ல குரூப் எடுக்கற மாதிரி. ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு கெடையாது."

"நீ எடுத்தியே, அதுவா?"

"அது மாதிரிதான்."

"உனக்கு யாரு அப்போ சொல்லிக் குடுத்தாங்க, இத்த எடுன்னு?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். யாரைக் கேட்பது என்றே அப்போது எனக்குத் தெரியாது. "யாரும் சொல்லலம்மா. வரிசைல எனக்கு முன்னாடி நின்னவன் இன்னா எழுதினானோ அதையே எழுதிட்டேன்."

"அதான் குடோன்ல பில்லு போட்டுகினு கீற" என்றாள் தங்கை.

"வாயப் பாரு இவளுக்கு. உங்க அண்ணன் எழுதினான், நீ அவனைக் கேட்டு எழுதின." அம்மா என் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவ ஒரு வார்த்த கேளு."

அப்பாவுக்கு போன் போட்டு விளக்கினேன். பின்னால் யாரோ காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இதுக்கா போன் பண்ண? கேட்டு தொறக்கணும், வையி" என்றவர், வைப்பதற்கு முன்னால் சொன்னார்: "எதுல அவ வெரலுக்கு வேல ஜாஸ்தியோ அத்தப் போடு."

பால் கறக்க வேண்டுமென்றால் பொத்தானை அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விலையும் அதற்குத்தான் கூடுதல். மாடு என்று சொன்னேன். அம்மா மாட்டை அமுக்கினாள். அவள் பெயருக்குக் கீழே 'பால்பண்ணைக்காரி' என்று வந்தது. படித்துக் காட்டினேன். திருப்பிப் படிக்கச் சொன்னாள். திருப்பிப் படித்தேன்.

மறுநாள் ஒரு பசுவும் கன்றும் வாங்கினோம். அம்மா கறந்தாள். பாட்டில் நிறைந்தது.

"பெட்டில போடும்மா, காசு வரும்."

"நாளைக்குப் பாக்கலாம்."

"ஏம்மா?"

"விளக்கு வெச்சாச்சு."

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு எதுவும் வெளியே போகாது. பக்கத்து வீட்டில் கேட்டால்கூட இல்லை என்று சொல்லிவிட்டு, காலையில் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"கேம்ல இப்போ காலைதாம்மா. சூரியன் கீது பாரு" என்று தங்கை திரையைக் காட்டினாள்.

"அங்க கீது. நம்ம ஊட்ல?"

போன் என்னோடு விடியுமுன்னே வேலைக்குப் போய், இருட்டும்போதுதான் வீட்டுக்கு வரும்; அப்போது ஞாயிற்றுக்கிழமையும் குடோன் இருந்தது. நான் வருவதற்குள் அம்மா விளக்கேற்றி முடித்திருப்பாள். பால்பண்ணைக்காரி தினமும் கறந்தாள், ஆனால் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. அந்த விளையாட்டில் பால் கெட்டுப்போகும். அலமாரியில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பச்சை நிறத்துக்கு மாறின. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று பெருமையாகச் சொன்ன என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"வெளக்க கொஞ்சம் லேட்டா ஏத்தலாம்ல" என்றாள் தங்கை.

"கேமுக்காகவா?" என்று அம்மா கேட்டாள். 

அடுத்து, அம்மா சமையலறையில் இருந்தபோது தங்கை ரகசியமாக இரண்டு பாட்டில்களைப் பெட்டியில் போட்டுவிட்டாள். மறுநாள் அம்மா அலமாரியைத் திறந்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாள். "நீ போட்டா மட்டும் அது வேற ஊட்டுப் பாலா?" என்று கேட்டுவிட்டு, போனை என் மடியில் வைத்தாள். "வேணாம்டா. பாலு வீணாப் போறத இதுக்கு மேல பாக்க முடியல."

சில நாட்கள் அவள் போனைத் தொடவில்லை. விரல்கள் மறுபடியும் விறைக்க ஆரம்பித்தன. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். சோற்றை இடது கையால் பிசைவது எங்களுக்குத் தெரியக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பந்தை எடுத்து அப்பா துடைத்து வைத்தார். அதையும் தொடவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் ஒரு மாலை, நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "அந்தக் கன்னுக்குட்டி சாப்ட்டுதா?"

"அது கேம்மா. நீ தொறந்தாதான் அங்க நேரமே ஓடும்."

"குடு இப்டி."

கொட்டகைக்குள் போனாள். கன்று ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கமும் பசு இந்தப் பக்கமும் இருந்தன. அந்தத் தடுப்பைத் திறக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ மாதம் விளையாடியும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. அம்மா கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். விரல் நடுங்கியது, எடுக்கவில்லை. தடுப்பு மெல்ல விலகியது. கன்று நேராக மடிக்குப் போயிற்று. கறக்கும் பொத்தான் திரையிலிருந்தே மறைந்துவிட்டது. பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கியது.

தங்கையும் நானும் திரைமேல் குனிந்து பார்த்தோம். யாரோ முகம் தெரியாத ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, இப்படி ஒருத்தி வந்து திறப்பாள் என்று நினைத்து இதை எழுதி வைத்திருக்கிறார். அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "குடிக்கட்டும்" என்றாள். "அதுக்குத்தானே."

அன்றிலிருந்து செடிதான். கத்தரி, தக்காளி, பூசணி. பறிக்கவும் அதே கட்டைவிரல்தான் வேண்டும். விளக்கு வைத்த பிறகு காய்கறி வெளியே போவதில் எந்தத் தடையும் இல்லை. பெட்டி நிறைந்தது, காசு சேர்ந்தது. பனிக்காலம் வருவதற்குள் மாட்டுக்குப் பெரிய கொட்டகை கட்ட வேண்டும் என்று அந்தக் காசைத் தொடாமல் வைத்திருந்தாள். விரல்கள் முக்கால்வாசி மடங்கத் தொடங்கின.

குடோனுக்கு லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெயருக்குக் கீழே இருந்ததை மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

"பால்பண்ணைக்காரி."

"நான்தான் பாலே விக்கலையே. பொய்யில்ல அது?"

அதை மாற்ற ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியும். மலை மேல் ஒரு குளம் உண்டு. அதில் காசு போட்டால் எடுத்த திறமையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேர்த்து வைத்திருந்த காசு கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். கொட்டகை கட்ட முடியாது. கூடுதலாக வரும் பத்தில் ஒரு பங்கை வைத்து அதைத் திரும்பச் சம்பாதிக்க வெகுநாள் ஆகும். கணக்குப் போட்டுச் சொன்னேன்.

டியூட்டி முடிந்து வந்த அப்பா அப்போதுதான் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "மாடு பனியில நிக்குமா?" என்று கேட்டார்.

"பழைய கொட்டா கீது. கொஞ்சம் நெருக்கிகினு படுக்கும்" என்றாள் அம்மா. "நான் இன்னா பண்றேனோ அதுதான் என் பேர்ல இருக்கணும்."

மலை ஏறினாள். குளத்தங்கரையில் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்திருக்கும்வரை காசு ஒவ்வொன்றாக விழும், விரலை எடுத்தால் போட்டதெல்லாம் திரும்பிவிடும். வலது கட்டைவிரலை வைத்தாள். காசுகள் விழ ஆரம்பித்தன. தங்கை திரையைப் பார்த்தாள். அப்பா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் விரலைப் பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது. முறிந்து கூடிய மணிக்கட்டில் ஒரு நரம்பு புடைத்து நின்றது. விரல் நடுங்கவில்லை.

"நாளைக்குக் கம்பெனிக்கு போன் பண்ணி வரேன்னு சொல்லு" என்றார் அப்பா.

"இரு, விழுந்து முடியட்டும்" என்றாள். குளத்தில் காசு விழுவது நின்றபோதுதான் விரலை எடுத்தாள். மொத்தம் பன்னிரண்டாயிரம் காசு.